ஸாட்ஸ்: செம்மண் நாட்டு நறுமணக் கொடி

பியர் என்னும் பானத்தை அறியாத நாடு இன்று உலகில் அரிது. அதனை விரும்பி அருந்துவோரும் உளர். அருந்தலாகாது என விலக்குவோரும் உளர். அவ்விரு சாராரிடையே உள்ள வழக்கைத் தீர்ப்பது இவ்வுரையின் நோக்கமன்று. அப்பானத்துக்குக் கசப்பையும் நறுமணத்தையும் ஈந்து, அது விரைவிற் புளித்துக் கெடாமற் காக்கும் ஒரு கொடியின் வரலாறே இங்குக் கூறப்படுவது. ஹொப் என்பது அக்கொடியின் பெயர். ஹொப் வகைகள் பலவற்றுள், செக் நாட்டின் வடமேற்குப் பகுதியில் விளையும் ஸாட்ஸ் என்னும் வகை நறுமணத்துக்குப் பெயர்பெற்றது. அது விளைச்சலிற் குறைந்தது, கசப்பிலும் குறைந்தது, வறட்சியைத் தாங்கும் ஆற்றலும் சிறிதே உடையது. அவ்வாறிருந்தும் அது நூற்றாண்டுகள் பல கடந்து நிலைத்தது எங்ஙனம், இனியும் நிலைக்குமா என்பவை நேயர்கள் சிந்திக்கத்தக்க வினாக்களாகும்.

முதற்கண் கொடியின் இயல்பை நோக்குவோம். ஹொப் ஒரு பல்லாண்டுத் தாவரம். அதன் வேர்த்தண்டு மண்ணுக்குள் இருபது ஆண்டும் அதற்கு மேலும் உயிரோடிருக்கும். மேலே படரும் கொடியோ ஆண்டுதோறும் மாரிகாலத்தில் மடிந்து, இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும். கஞ்சாச் செடியும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் கஞ்சாவின் மயக்கந்தரும் பொருள் இதில் இல்லை. நம் நாட்டு வெற்றிலைக் கொடி சிறுவேர்களாற் பற்றி ஏறுகின்றது. ஹொப் கொடிக்கு அத்தகைய வேரும் இல்லை, பாகற் கொடிக்குள்ள சுருளும் இல்லை. தண்டிலுள்ள கொளுக்கி போன்ற நுண்மயிர்களே அதற்குத் துணை. அவற்றாற் கம்பியைப் பற்றி, ஞாயிறு செல்லும் திசையை ஒட்டி வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டு ஏறும். நல்ல கோடைப் பருவத்தில் ஒரே நாளில் ஒரு சாண் அளவும் வளர்ந்துவிடும். அதற்காக ஏறத்தாழ 7 மீற்றர் உயரத்துக்குக் கம்பங்களை நாட்டி, மேலே கம்பி வலை கட்டி, அங்கிருந்து நிலம்வரை கம்பிகளைத் தொங்கவிடுவர். தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது தோட்டமாகத் தோன்றாது. பச்சைத் திரைகள் வரிசையாகத் தொங்கும் ஒரு பெரு மண்டபமாகவே தோன்றும்.

ஹொப்பில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. மதுவடிப்போன் வேண்டுவது பெண் கொடியின் பூங்கூம்பு ஒன்றையே. ஐரோப்பியப் பெருநிலத்தின் தோட்டங்களில் ஆண் கொடியைத் தேடித் தேடிக் களைந்துவிடுவது வழக்கம். மகரந்தம் பட்டுக் கூம்பில் விதை விழுந்தால் அதன் தரம் தாழும் என்பது அவர் கொள்கை. பூங்கூம்பு என்பது மெல்லிய பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதொரு சிறு கூம்பாகும். செதிலைப் பிரித்துப் பார்த்தால் அடியில் மஞ்சள் நிறத் தூள் ஒட்டியிருக்கும். லூப்புலின் எனப்படும் அத்தூளே ஹொப்பின் செல்வம் முழுவதும். அதில் இருவகைப் பொருள்கள் உள. ஒன்று கசப்பைத் தரும் பிசின். மற்றையது மணத்தைத் தரும் ஆவியாகும் எண்ணெய்.

பிசினிலுள்ளவற்றுள் முதன்மையானவை அல்பா அமிலங்கள். இவை தாமே நீரில் நன்கு கரைவதில்லை. நீண்டநேரம் கொதிக்கும்போது அவற்றின் அமைப்பு மாறி, கரையுந் தன்மையும் நிலைத்த கசப்பும் உண்டாகின்றன. அவ்வாறு மாறிய பொருள், பானத்தைப் புளிக்கச்செய்யும் பற்றீரியாக்கள் பலவற்றின் வளர்ச்சியையும் தடுக்கின்றது. வெயில் பட்டாலோ அதே பொருள் சிதைந்து துர்நாற்றம் தரும். பியரைப் பழுப்புநிறப் போத்தலில் அடைப்பதன் காரணம் இதுவே. எண்ணெயின் இயல்பு இதற்கு நேர்மாறானது. கொதிக்கும் கலத்தில் அது நீராவியோடு சேர்ந்து பறந்துவிடும். ஆகவே கசப்பை நாடினால் நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும்; மணத்தை நாடினால் இறக்குந் தறுவாயில் இட வேண்டும். இரசம் வைக்கும் தாய் மிளகை முன்னரும் கொத்தமல்லி இலையைக் கடைசியிலும் இடுவதன் நுட்பமும் இதுவன்றோ?

பியர் ஆக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறின், முதலிற் பார்லியை ஊறவைத்து முளைக்கவிட்டு, உரிய வேளையில் உலர்த்துவர். முளைக்கும்போது தானியத்தில் மாப்பொருளைச் சருக்கரையாக்கும் நொதியங்கள் தோன்றுகின்றன. முளைத்து உலர்ந்த அத்தானியத்தை நொறுக்கி வெந்நீரிற் கலந்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அச்சாற்றை வடித்து, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கொதிக்கவிடுவர். ஹொப் இடப்படுவது இப்போதே. பின்பு சாற்றை ஆற்றி, மதுவம் இட்டு நொதிக்கவைப்பர். கொதி தொடங்கும்போது ஒரு பங்கு, இடையில் ஒரு பங்கு, முடிவில் ஒரு பங்கு என ஹொப்பை மூன்று முறையாக இடுவது பொஹீமிய மரபு. ஸாட்ஸ் வகையைக் கையாள்வோர் கடைசிப் பங்கிலேயே மிக்க கவனம் செலுத்துவர். அதன் மென்மணம் வெளிப்படுவது அப்பங்கிலேதான்.

ஐரோப்பாவில் எக்காலத்திலும் ஹொப்பே இடப்பட்டது எனக் கருதலாகாது. பண்டைக்காலத்தில் வெவ்வேறு மூலிகைகளைக் கலந்து பியருக்குச் சுவையூட்டினர். ஒன்பதாம் நூற்றாண்டில், 822ஆம் ஆண்டளவில், பிரான்சிலுள்ள கோர்பி மடத்தின் தலைவர் வகுத்த விதிகளில் ஹொப் பற்றிய குறிப்புக் காணப்படுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜேர்மனியில் வாழ்ந்த ஹில்டகார்ட் என்னும் துறவியம்மையார், ஹொப்பின் கசப்பு பானங்களைக் கெடாமற் காக்கும் என எழுதிவைத்தார். கெடாத பானத்தைத் தூரதேசங்களுக்கு அனுப்பலாம். அனுப்பினால் வாணிகம் பெருகும். இவ்வாறு ஹொப் மெல்ல மெல்ல ஏனைய மூலிகைகளைப் பின்தள்ளியது. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அது வேரூன்றியது.

ஸாட்ஸ் என்பது ஜேர்மன் மொழியில் வழங்கும் பெயர். செக் மொழியில் அந்நகரின் பெயர் ஷாட்டெட்ஸ். ஓகர்ஷே ஆற்றங்கரையில் அமைந்த அந்நகரை 1265ஆம் ஆண்டில் இரண்டாம் ஒட்டகார் மன்னன் அரச நகராக்கினான். அங்கு விளைந்த ஹொப், எல்ப ஆற்றின் வழியாக வடக்கேயுள்ள ஜேர்மன் நகரங்களுக்குச் சென்றது. வேர்த்தண்டை நாட்டுக்கு வெளியே கடத்துவோருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்தது என்றொரு கதையும் வழங்குகின்றது. அது மெய்யோ புனைவோ, அக்கொடியை மக்கள் எத்துணை அருமையாகப் போற்றினர் என்பதை அக்கதை காட்டும்.

இந்நிலத்தின் சிறப்பு யாது? வடமேற்கே கிறூஷ்னே மலைத்தொடர் அரணாக நிற்கின்றது. மேற்கிலிருந்து வரும் மழைமுகில்கள் அம்மலையிலேயே பொழிந்துவிடுவதால், அப்பால் உள்ள இப்பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 450 மில்லிமீற்றர் மழையே பெய்கின்றது. இரும்புச்சத்து மிக்க செம்மண் இங்குப் பரவலாகக் காணப்படும். கொடியின் தண்டும் செந்நிறம் உடையதாதலால் செக் மக்கள் இதனைச் செங்கொடி எனப் பொருள்படும் பெயராலே அழைப்பர். மழை குறைந்த இடமாயினும், அக்குறைந்த மழை உரிய பருவத்தில் பெய்தது; கோடை வெப்பமும் அளவோடிருந்தது. அந்த அளவும் பருவமுமே ஸாட்ஸ் வகையை உருவாக்கின. இவ்விடயத்தை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர்க் கூறப்படுவதற்கு இதுவே அடிப்படை.

ஸாட்ஸ் உலகப் புகழ் பெற்றது பில்ஸென் நகரத்தினாலாகும். 1838ஆம் ஆண்டில் அந்நகரத்தார், குடிக்கத் தகாததெனக் கண்ட 36 பீப்பாய் பியரை நகரமண்டபத்தின் முன்னே வீதியிற் கொட்டினர். அவமானம் ஒருபுறம், நட்டம் ஒருபுறம். மதுவடிக்கும் உரிமை பெற்றிருந்த குடிமக்கள் ஒன்றுகூடிப் புதியதொரு வடிசாலையை எழுப்பினர். பவேரியாவிலிருந்து யோசெப் குறோல் என்னும் வல்லுநரை வருவித்தனர். அவர் 1842ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆம் நாள் முதற்கலத்தை வடித்தார். மிதமான வெப்பத்தில் உலர்த்திய வெளிர்நிறத் தானியம், உவர்ப்பில்லாத மென்னீர், குளிரில் மெல்ல நொதிக்கும் மதுவம், ஸாட்ஸ் ஹொப் என்னும் நான்கும் அங்கு ஒன்றுசேர்ந்தன. அக்காலத்துப் பியர் பெரும்பாலும் கருமையும் கலங்கலுமாய் இருந்தது. நவம்பர் மாதத்தில் மக்கள் முன் வைக்கப்பட்ட புதிய பானமோ பொன்னிறமாகத் தெளிந்திருந்தது. வன்னீரில் ஹொப்பின் கசப்பு நாவை அறுக்கும். பில்ஸென் நகரின் மென்னீரில் அது இதமாய் அடங்கிற்று. இன்று உலகெங்கும் விற்பனையாகும் பொன்னிற பியர் வகைகள் பெரும்பாலும் அந்த ஒரு கலத்தின் வழித்தோன்றல்களே.

புகழ் வந்தால் போலியும் உடன்வரும். வேறிடத்து ஹொப்பை ஸாட்ஸ் மூட்டைகளில் அடைத்து விற்ற வணிகர் பலர். உலர்ந்தபின் ஒரு கூம்புக்கும் மறு கூம்புக்கும் உள்ள வேற்றுமையை வாங்குவோன் கண்ணாற் காண்பது கடினம். ஆகவே மூட்டைகளுக்கு முத்திரையிடும் முறை தோன்றியது. 1769ஆம் ஆண்டில் மரியா தெரேசா பேரரசி இது குறித்து ஆணை பிறப்பித்தார். 1907ஆம் ஆண்டில் ஹொப் விளைந்த இடத்தைக் குறிப்பது பற்றிச் சட்டமே இயற்றப்பட்டது. 2007ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஷாட்டெட்ஸ் ஹொப் என்னும் பெயரைப் பாதுகாக்கப்பட்ட இடப்பெயராகப் பதிவு செய்தது. விளைபொருளுக்கு மட்டுமன்றி, அது விளைந்த மண்ணின் பெயருக்கும் விலையுண்டு என்பதை அம்மக்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர்.

பழைய தோட்டங்களிற் கொடிகள் ஒரே சீராய் இருக்கவில்லை. ஒன்று செழிக்கும், அடுத்தது நலியும். கறல் ஒஸ்வால்ட் என்னும் அறிஞர் 1927ஆம் ஆண்டு முதல் தோட்டந் தோட்டமாகச் சென்று சிறந்த கொடிகளைத் தெரிந்தெடுத்து, வேர்த்தண்டுகளைக்கொண்டு பெருக்கி ஆராய்ந்தார். வேற்றினங்களோடு கலந்து புதுவகை செய்வது அவர் வழியன்று. முன்னோர் வைத்துப்போன செல்வத்துள் மிகச் சிறந்ததைக் கண்டெடுப்பதே அவர் வழி. அவர் மறைந்தபின், 1952ஆம் ஆண்டில், அவர் தெரிந்த மூன்று வழிகள் 31, 72, 114 என்னும் எண்களோடு பதிவு செய்யப்பட்டன. ஸாட்ஸ் தோட்டங்கள் பல இன்றும் அத்தெரிவின் பயனை நுகர்கின்றன. வேறு நாட்டாரும் இவ்வினத்தை நாடினர். நியூசிலாந்தில் ஸாட்ஸ் வழியில் தோன்றிய மொட்டுவெக்கா, றிவாக்கா என்னும் வகைகள் பழமணம் வீசும் புதுச்சுவையால் பெயர்பெற்றன. எனினும் அவை ஸாட்ஸ் ஆகா. மண்ணும் வானும் மாறினால் மணமும் மாறும்.

கொடியின் வரலாற்றை மக்களின் வரலாற்றினின்று பிரித்தல் இயலாது. ஷாட்டெட்ஸ் நகரில் ஜேர்மன் மொழி பேசுவோர் பெரும்பான்மையினராயும் செக் மக்களும் யூதரும் அவர்களோடும் வாழ்ந்தனர். ஹொப் வாணிகத்தில் யூத வணிகர் முன்னின்றனர். 1872ஆம் ஆண்டில் அவர்கள் எழுப்பிய தொழுகைக்கூடம் பொஹீமியாவின் பெரிய தொழுகைக்கூடங்களுள் ஒன்று. 1938ஆம் ஆண்டில் ஹிட்லரின் ஆட்சி அந்நிலத்தைக் கவர்ந்தபின் யூதச் சமூகம் அழிக்கப்பட்டது. 1945ஆம் ஆண்டில் போர் முடிந்ததும் பழிவாங்கும் வெறியில் ஜேர்மன் குடிமக்கள் பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் நாட்டினின்று வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகக் கொடி வளர்த்த கைகளும் அதனை விற்ற கைகளும் சில ஆண்டுகளுள் இல்லாது போயின. நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வந்து குடியேறியோர் அத்தொழிலைப் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. மனிதர் மாறினர், வேர்த்தண்டு மண்ணிலேயே இருந்தது.

கொம்யூனிச ஆட்சியில் தோட்டங்கள் கூட்டுப்பண்ணைகளாயின. ஆகஸ்ட் இறுதியில் அறுவடை தொடங்கும். ஹொப் முதிர்ந்தபின் காத்திராது. சில கிழமைகளுள் பறித்தாக வேண்டும். பறித்த கூம்பில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அதனை உடனே சூளையில் உலர்த்தாவிடில் அழுகும். இதற்கு வேண்டிய ஆட்பலத்துக்குப் பள்ளி மாணவரும் பல்கலைக்கழக மாணவரும் அணியணியாக அனுப்பப்பட்டனர். அவ்வறுவடை வாழ்க்கையைக் கருவாகக் கொண்டு 1964ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட இசைத் திரைப்படம் ஒன்று செக் மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. பின்னர் இயந்திரங்கள் வந்தன. இன்று கொடியை முழுமையாக அறுத்துக் கொட்டகைக்குக் கொண்டுசென்று, இயந்திரத்தாற் கூம்பைப் பிரிக்கின்றனர். ஆயினும் இளவேனிலில் முளைகளுள் நல்லவற்றைத் தெரிந்து கம்பியிற் சுற்றிவிடும் வேலைக்கு இன்றும் மனிதக் கையே வேண்டும்.

இனி இக்கொடியின் முன் நிற்கும் இடர்களை நோக்குவோம். முதலாவது பொருளாதார இடர். ஸாட்ஸ் கூம்பின் நிறையில் அல்பா அமிலம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கே. கசப்புக்கென வளர்க்கப்பட்ட புதிய வகைகளில் அது 12 முதல் 18 பங்கு வரை இருக்கும். ஒரு ஹெக்டேயரில் ஸாட்ஸ் தருவது ஏறத்தாழ ஒரு தொன். பிற வகைகள் பல இரண்டு தொன்னும் தரும். கசப்பை மட்டும் கணக்கிட்டு வாங்கும் பெரிய வடிசாலைக்கு ஸாட்ஸ் நட்டமாகவே தோன்றும். ஆனால் அதன் மணத்தைத் தருவது அல்பா அமிலமன்று. பார்னசீன் என்னும் பொருள் அதன் எண்ணெயில் மிகுதியாக உண்டு. ஹொப் வகைகள் பலவற்றில் அது மிகவும் குறைவு. அதனோடு வேறு பல பொருள்கள் சேர்ந்து, மண்ணையும் மூலிகையையும் நினைவூட்டும் அடக்கமான மணத்தைத் தருகின்றன. நிறுத்தற் கருவிக்குள் அடங்காத அம்மணத்துக்கு விலை கொடுக்க ஆளுள்ளவரையே உழவன் ஸாட்ஸ் நடுவான்.

இரண்டாவது இடர் வானத்திலிருந்து வருகின்றது. முன்னர்க் கூறிய அளவும் பருவமும் இப்போது தவறத் தொடங்கிவிட்டன. ஐரோப்பாவின் நறுமண ஹொப் வகைகள் பற்றி 2023ஆம் ஆண்டில் செக் அறிஞர்களும் பிரித்தானிய அறிஞர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 1994ஆம் ஆண்டுக்கு முற்பட்ட காலத்தையும் பிற்பட்ட காலத்தையும் ஒப்பிட்டபோது, கூம்புகள் ஏறத்தாழ மூன்று கிழமை முந்தி முதிர்வதையும், ஒரு ஹெக்டேயரின் விளைச்சல் சுமார் 200 கிலோகிராம் குறைந்ததையும், அல்பா அமிலமும் தாழ்ந்ததையும் அவர்கள் கண்டனர். 2050ஆம் ஆண்டளவில் விளைச்சல் நூற்றுக்கு 4 முதல் 18 வரையும், அல்பா அமிலம் 20 முதல் 31 வரையும் குறையலாம் என்பது அவர்கள் மதிப்பு. ஏற்கெனவே கசப்பிற் குறைந்த ஒரு வகை மேலும் குறைந்தால், அதே பானத்துக்கு இன்னும் மிகுதியான ஹொப் வேண்டும். தோட்டமோ குறைவாகவே தரும். இதுவே உழவனை இருபுறமும் நெருக்கும் இக்கட்டு.

ஸாட்ஸ் தோட்டங்களில் ஒரே மரபின் கொடிகளே நிரைநிரையாக நிற்பதும் ஓர் அபாயமே. ஒன்றைத் தாக்கும் கேடு யாவற்றையும் தாக்கும். ஒஸ்வால்ட்டின் தெரிவு தந்த சீர்மையே இன்று அதன் மெலிவும் ஆயிற்று. இதனை உணர்ந்த ஷாட்டெட்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் நச்சுநுண்மமற்ற நாற்றுகளை வழங்குகின்றனர், புதுவகைகளையும் வெளியிடுகின்றனர். அவற்றுள் ஒன்றாகிய பின்பருவ ஸாட்ஸ் 2010ஆம் ஆண்டில் பதிவாயிற்று. சொட்டுநீர்ப் பாசனம், நிலத்தடி ஈரம் மிக்க ஆற்றங்கரைகளை நாடுதல், நிரைகளின் இடைவெளியை மாற்றுதல் ஆகியனவும் கையாளப்படுகின்றன.

ஆயினும் வடிசாலையாருள் ஒரு சாரார் புதுவகைகளை ஐயத்தோடு நோக்குகின்றனர். செஸ்கே புடேயோவிட்சே நகரத்து அரசு வடிசாலை இன்றும் ஸாட்ஸ் கூம்புகளை முழுமையாகவே கலத்தில் இடுகின்றது. பழையதை அப்படியே காத்தால் வறட்சி அழிக்கலாம். மாற்றினால் மணம் மாறலாம். இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதே அந்நாட்டு உழவருக்கும் அறிஞருக்கும் உள்ள சோதனை.

2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம் ஷாட்டெட்ஸ் நகரையும் அதனைச் சூழ்ந்த ஹொப் நிலத்தையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அந்நகரில் ஹொப்பை உலர்த்திய சூளைகளும், பண்டசாலைகளும், கந்தகப் புகையூட்டிய கூடங்களின் உயர்ந்த புகைபோக்கிகளும் இன்றும் நிற்கின்றன. கட்டடங்களைக் காத்தல் எளிது. ஓட்டையான கூரையை மாற்றிச் சுவருக்குச் சுண்ணம் பூசினாற் போதும். உயிருள்ள கொடியைக் காத்தல் அத்தகையதன்று. அதற்கு உரிய காலத்து மழை வேண்டும். கம்பியிற் சுற்றிவிடும் கை வேண்டும். மெல்லிய மணத்தை உணர்ந்து அதற்குரிய விலையைத் தரும் வாங்குவோனும் வேண்டும். இம்மூன்றில் எது தவறினும், ஸாட்ஸ் என்னும் பெயர் மூட்டையின் மேல் முத்திரையாக மட்டும் எஞ்சும். மூர்த்தி சிறிதெனினும் கீர்த்தி பெரிதென்பர். அச்சிறு கூம்பின் கீர்த்தியைத் தாங்கிநிற்பது உழவனின் பொறுமை என்பதை அறிந்தோர், அக்கொடி இன்னும் பல இளவேனில்களில் துளிர்க்க வேண்டும் என்றே விரும்புவர்.